பெயரிடுதலும் அறமும்: ஒரு தேசாதிபதியின் பெயரை முன்னிட்டு

இடப்பெயர் என்பது இடத்தைச் சுட்டும் வெறுங்குறியா, அன்றி ஒருவரைப் போற்றும் செயலா என்னும் வினா அளவையியலுக்கும் அறவியலுக்கும் பொதுவானது. மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில் முதற்கருத்தையே கொண்டார். டார்ட்மத் என்னும் ஊர் டார்ட் ஆற்றின் முகத்தில் அமைந்தமையால் அப்பெயர் பெற்றது. மணல் மேவி ஆற்றுமுகம் அடைபட்டாலும் பெயர் மாறவேண்டுவதில்லை. சிறப்புப்பெயர் பொருளைச் சுட்டுமேயன்றி அதன் பண்பை உணர்த்தாது என்பது அவர் வாதம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலும் ஆற்றுமுகத்துச் சிற்றூர் ஒன்றுண்டு. குவாலா செப்பெத்தாங் என்னும் அதன் பெயருக்குச் செப்பெத்தாங் ஆற்றின் முகம் என்பதே பொருள். பிரித்தானியர் காலத்தில் அது போர்ட் வெல்ட் எனப்பட்டது. 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட தேசாதிபதி சேர் பிரெடரிக் வெல்டின் பெயர் அது. அதற்கு முன் அவர் நியூசிலாந்தின் முதலமைச்சராகவும், மேற்கு அவுஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவற்றின் தேசாதிபதியாகவும் இருந்தவர். பதவி சென்ற வழியே பெயரும் சென்றது. பினாங்கில் வெல்ட் துறை, தாஸ்மேனியாவில் வெல்ட்பரோ, மேற்கு அவுஸ்திரேலியாவில் வெல்ட் மலைத்தொடர். வெல்ட்பரோவிற் சீனத் தொழிலாளர் வெள்ளீயம் அகழ்ந்தனர். போர்ட் வெல்டின் வழியாக ஏற்றுமதியானதும் தைப்பிங்கிற் சீனர் அகழ்ந்த வெள்ளீயமே. பெயர் ஒப்புமைக்குப் பின்னால் ஒரே பொருளாதாரம் நிற்பதைத் தேசப்படம் காட்டுவதில்லை.

பெயரை வழங்குவோர் நிலையில் நின்று நோக்கின் மில் கூறுவது சரியே. பினாங்குத் துறையிலே தோணிக்குக் காத்திருப்பவன் எந்தத் தேசாதிபதியையும் போற்றுவதில்லை. ஆயின் மில் பெயரைப் பற்றிப் பேசினாரேயன்றிப் பெயரிடுதலைப் பற்றிப் பேசவில்லை. வெல்ட் மலைத்தொடரிலே வில்ஜி மியா என்னும் செங்காவிச் சுரங்கம் உள்ளது. ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் அகழ்ந்த இடம் அது. ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த நிலத்தைப் பெயரற்றதெனக் கொண்டாலன்றி அங்கே புதுப்பெயர் இட இயலாது. சுட்டுதல் குற்றமற்றது, அந்த முற்கோள் குற்றமற்றதன்று.

அங்ஙனமாயின் வெல்ட் தகுதியற்றவர் என்பதாற் பெயரை நீக்கலாம் என்பர் சிலர். இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. 1864 டிசெம்பரில், அவரது அமைச்சரவைக் காலத்தில், வைக்காற்றோ மாவோரியரின் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிமுதலாயிற்று. அதே மனிதர் 1872இல், ஆதிக்குடி மகனொருவனைச் சுட்டுக்கொன்ற செல்வாக்குமிக்க குடியேற்றவாசியின் குற்றத்தை இலேசாக்கிய நீதவானைப் பதவியிலிருந்து இடைநிறுத்தினார். அதனால் வெள்ளையரின் வெறுப்பையுந் தேடிக்கொண்டார். இவற்றைத் தராசிலிட்டு ஊர்ப்பெயரைத் தீர்மானிப்பதெனில், நல்லவராயிருந்த தேசாதிபதி எவருக்கும் பிறர் நிலத்துக்குப் பெயரிடும் உரிமை உண்டென ஒப்புக்கொண்டவராவோம். குவாலா செப்பெத்தாங் என்ற பெயர் மீண்டமைக்கு நியாயம் தேடுவோர் வெல்டின் ஒழுக்கத்தை ஆராயவேண்டுவதில்லை. ஆறு அங்கே கடலோடு கலக்கிறது; அதனை அறிந்தோர் அவ்வாறு அழைத்தனர். அது போதும்.

எனினும் பழைய பெயரை அடியோடு துடைத்துவிடுவதிலும் ஓர் இழப்புண்டு. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்ற ஏறத்தாழ எட்டு மைல் புகையிரதப் பாதை 1885 யூன் முதலாந் திகதி திறக்கப்பட்டது. மலாயாவின் முதற் பாதை அதுவே. அதனை அமைத்தோர் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் படையினர். தேசாதிபதியின் பெயர் மூன்று நாடுகளில் நிலைத்திருக்க, சேற்றுநிலத்திற் பாதை இட்ட அவர்களுடைய பெயரை எந்த மலையும் துறையும் தாங்கவில்லை. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. பயணச்சீட்டுச் சாளரமும் நிலையப் பெயர்ப்பலகையும் எஞ்சியுள்ளன. அப்பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதப்பட்டிருப்பது போர்ட் வெல்ட் என்ற பெயரே.