நடுங்கும் கைக்குத் துஆவும் மருந்தும்



சிவகாசிச் சீமையில் 'மருந்து' என்று ஒருவர் சொன்னால், பட்டாசுக்குள் செலுத்தும் வெடிமருந்துதான் முதலில் நம் நினைவுக்கு வரும். நோய்க்கு உண்ணும் மருந்து அதற்கு அடுத்தபடிதான். இவ்விரு மருந்துகளுக்கும் இடையில் அகப்பட்டுத் தவிக்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி இம்மாதம் நம் முன் இருக்கிறது. அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை நிற்கும் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

அவருடைய அத்தாவுக்கு ஓராண்டுக்கு மேலாக வலக்கை நடுங்குகிறது. மடியில் சும்மா வைத்திருக்கும்போதே விரல்கள் ஆடுகின்றன. கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்து வருகிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடாமலே திரும்பி விடுகிறார். ஜும்ஆவில் முன் ஸஃப்பில் நின்று பழகியவர், இப்போது கடைசி வரிசையில் தூண் ஓரம் தேடுகிறார். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துவது அவர் தொழில். போர்மேன் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று இடக்கையால் வலக்கையைப் பிடித்து மறைத்துக்கொண்டே நாளைக் கழிக்கிறார். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். இது செய்வினை என்கிறார் ஒரு உறவினர். வயதானால் வருவதுதானே என்கிறார் மற்றொருவர். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தவக்குலில் குறைவு என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்! "யார் பேச்சைக் கேட்பது?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

மூன்றாமவர் சொன்னதிலிருந்தே தொடங்குவோம். அதுதான் ஈமானின் பெயரால் வந்து வாசலை அடைக்கிறது.

நாட்டுப்புறத்து அரபிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். செய்துகொள்ளுங்கள் என்றே அண்ணலார் ஏவினார்கள். மூப்பு ஒன்றைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நடந்தது இன்னும் தெளிவானது. அண்ணலார் நேரில் சென்று, தம் திருக்கரத்தை அவர் மார்பின் மீது வைத்தார்கள். அந்தக் கரம் பட்டதற்கு மேல் ஒரு ஷிஃபா உண்டா என்று நாம் நினைப்போம். ஆனால் அதே சந்திப்பில், ஸகீஃப் கூட்டத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படியும் சொன்னார்கள். அந்த வைத்தியர் இஸ்லாத்தைத் தழுவியதாக உறுதியான செய்தி இல்லை என்று அறிஞர்கள் கூறுவர். எந்தச் சமயத்து மருத்துவரிடம் போவது என்று தயங்குகிறவர்களுக்கும் இதிலே விடை இருக்கிறது.

கொள்ளை நோய் பரவியிருந்த ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே ஓடுகிறோம் என்ற கருத்தில் கலீஃபா பதில் தந்தார்கள். நடுக்கம் கத்ர் என்றால், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தும் கத்ர்தான்.

இவ்விடத்தில் சிலர் வேறொரு ஹதீஸை எடுத்துக் காட்டுவார்கள். வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி அண்ணலாரிடம் வந்து துஆ கேட்டார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம்; விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று அண்ணலார் தெரிவித்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். புகாரியில் வரும் செய்தி. நாமும் பொறுத்திருந்தால் போதாதா என்பது அவர்கள் வாதம்.

முழுமையாகப் படித்துப் பாருங்கள்! அங்கே மருந்து மறுக்கப்படவில்லை. பேச்சு துஆவைப் பற்றியது. வலிப்பு வரும்போது ஆடை விலகிவிடுகிறதே, அது விலகாமல் இருக்கவாவது துஆச் செய்யுங்கள் என்று அப்பெண்மணி மீண்டும் கேட்டார், அண்ணலாரும் செய்தார்கள். பொறுமையைத் தேர்ந்தவரே தம் துன்பத்தில் ஒரு பகுதிக்குப் பரிகாரம் தேடியிருக்கிறார் அல்லவா? அதைவிட முக்கியம், அந்தப் பொறுமையை அவரே தேர்ந்தார். மகனோ மருமகனோ மச்சானோ அவருக்காகத் தேர்ந்து கொடுக்கவில்லை. அடுத்தவர் உடம்பை வைத்துக்கொண்டு நாம் காட்டும் பொறுமைக்கு ஸப்ர் என்று பெயர் இல்லை.

வயதானால் வருவதுதான் என்ற பேச்சும் சரியன்று. முடி நரைப்பது மூப்பு. இருக்கிற இடத்தில் ஒரு கை மட்டும் தானே ஆடுவது நோயின் அறிகுறி. 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை ஒரு சிறு நூலில் விவரித்தார். அவர் பெயராலேயே அந்த நோய் வழங்குகிறது. நம் சித்த வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் நரம்பு நோய்களின் வரிசையில் நடுக்கத்தையும் வைத்து எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு முஸ்லிம் வைத்தியர் நரம்பில் தேடிய காரணத்தை, நாம் இன்னும் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணேறில் தேடிக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும். படபடப்பும் மெலிவும் கூட வரும். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் வியர்த்து நடுங்குவார். அவருக்கு உடனே இனிப்பான பானம் தர வேண்டும். இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தும் நடுக்கம் தரக்கூடும். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் நடுக்கம் ஒன்றுண்டு. கை சும்மா இருக்கையில் அடங்கியிருக்கும், கிளாஸைத் தூக்கினால் ஆடும். இளம் பிள்ளைகளுக்கு நடுக்கம் வந்தால் இன்னும் விரைவாகப் பார்க்க வேண்டும். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் அவர்களைப் பிடிக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். நேரத்தோடு கண்டால் மருந்தால் கட்டுப்படும், விட்டால் ஈரலும் மூளையும் கெடும். தாயத்துக் கட்டிக் காத்திருந்த ஆறு மாதம் அந்தப் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது.

தொழிலையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாங்கனீசுத் தூளை நெடுநாள் சுவாசித்த ஆலைத் தொழிலாளருக்கு நடுக்கவாதம் போன்ற நோய் வந்ததை 1837-லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர் எழுதி வைத்தார். எந்த மருந்துப் பொடியில் எத்தனை ஆண்டு கை வைத்தோம் என்பது பரிசோதனைக்கு உதவும் செய்தி.

செய்வினை என்பவருக்கு ஒரு வார்த்தை. ஜின்னை நாம் மறுக்கவில்லை. ஓதிப் பார்ப்பதை நபிவழி விலக்கவும் இல்லை. ஆனால் ஓதுவதோடு நிறுத்தி, மருத்துவத்தை அடைத்து வைத்ததன் விலையை நம் மாநிலமே பார்த்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களும் ஷிஃபா தேடிக் கொண்டுவரப்பட்டவர்கள்தாம். பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் துஆவோடு தவாவும் என்று மனநல மருத்துவத்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. முன்பே வந்திருக்கலாகாதா என்று நெஞ்சு கேட்கத்தான் செய்கிறது.

இனி வெட்கம் என்ற சங்கதி. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980-ல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியவர். அந்தக் கையும் நடுங்கத் தொடங்கியது, பேச்சு குழறியது. 1984-ல் நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்ந்து பரிசோதித்துக்கொண்டபோது அவருக்கு வயது 42. பார்க்கின்சன் வகை நோய் என்று அறிவிக்கப்பட்டது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் உலகமே பார்த்திருக்க, ஆடுகின்ற கையோடு தீபத்தை ஏந்திக் கொப்பரையை ஏற்றினார். நோய் தெரிந்த பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 2016-ல் மறைந்தார். ஒரு காலத்தில் உலகின் மிக வலிய கை என்று பெயர் வாங்கியது அது. அதை அவர் சட்டைப்பைக்குள் ஒளிக்கவில்லை. ஆனைக்குட்டத்து அத்தா தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. தன் விருப்பமின்றி ஆடும் கை தொழுகையை முறிக்காது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. விருந்தில் கரண்டியால் உண்பதிலும் குற்றமில்லை. அவர் பிளேட்டை உற்று நோக்குகிறவன்தான் தன் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் போர்மேனிடம் மறைக்கிறாரே, அதை மட்டும் நாம் லேசாக விட முடியாது. உரசலிலும் அதிர்விலும் தீப்பற்றும் பொருள் அது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை அந்த வட்டாரம் மறக்காது. நடுங்கும் கையோடு மருந்து அறையில் உட்கார்வது தம் உயிரோடு மட்டும் நிற்கும் விஷயமன்று. பக்கத்தில் இருப்பவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. இது ஹக்குல் இபாத். அவர் வயிற்றுக்காக மறைக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. ஆகவே பொறுப்பு அவர் தலையில் மட்டும் இல்லை. மருந்து அறையிலிருந்து விலக்கி, பெட்டி ஒட்டவோ காவல் வேலைக்கோ மாற்றித் தரும்படி ஜமாஅத்துப் பெரியவர் இருவர் முதலாளியிடம் போய்ப் பேசட்டும். அதுவரை அந்த வீட்டுக்கு அரிசி குறையாமல் பைத்துல்மால் பார்த்துக்கொள்ளட்டும்.

சகோதரிக்குச் சொல்கிறோம்: இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நடுக்கம் எப்போது தொடங்கியது, எந்தக் கை, உண்ணும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூனைக்காலி விதைச் சூரணம் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோப்பா அந்த விதையிலேயே இருப்பதால் அளவு மிகையாகிவிடும். மருத்துவர் தந்த மாத்திரையைக் குணம் தெரிகிறதென்று திடீரென நிறுத்தாதீர்கள். நோன்பு வந்தால் வேளையை மாற்றுவது பற்றி அவரிடமே கேளுங்கள். முடியாதவருக்குக் களாவும் ஃபித்யாவும் இருக்கின்றன.

முதல் பரிசோதனையில் காரணம் பிடிபடாமலும் போகலாம். அதனால் அவர் நடிக்கிறார் என்றோ ஜின் என்றோ பொருளில்லை. மறுபடி காட்ட வேண்டும் என்பதே பொருள். ஓதிய தண்ணீர் வீட்டில் மீதம் இருந்தால் அதையும் புட்டியில் எடுத்துப் போங்கள். மாத்திரை விழுங்க உதவும்.