கேட்கும்போது மௌனமாக இருக்கலாமா?



நம்ம ஆளுங்க நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இரண்டு வாக்கியம் கண்டிப்பாகக் காதில் விழும். ஒன்று, "நம்மள யாரு கேட்டாங்க?" இன்னொன்று, "கேட்டு மட்டும் என்ன ஆகப்போகுது?" பல நேரம் இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். கேட்கவில்லை என்றால் கோபம், கேட்டால் அலட்சியம். இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய வீடும், திடலும், கோயில் நிலமும் வேறு யாரோ சொன்னபடி முடிவாகிவிடுகின்றன.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: நம் வட்டாரத்தின் வீடமைப்பு, மேம்பாட்டுப் பணம் பற்றி அரசாங்கம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது பதில் சொல்வது நம் உரிமை மட்டுமா, அல்லது கடமையா? கடமை என்றால், யாருக்காகப் பேசும் கடமை?

ஜொகூரில் என்ன நடக்கிறது?

2006-இல் இஸ்கண்டார் மலேசியா தொடங்கியதிலிருந்து ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் தாத்தா பாட்டி பால் மரம் சீவிய தோட்டங்கள் பல இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. சிங்கப்பூருக்கு ஆர்.டி.எஸ். ரயில் பாதை கட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. வளர்ச்சி நல்லதுதான். ஆனால் வளர்ச்சி வரும் இடத்தில் நிலத்தின் விலையும் ஏறும், வாடகையும் ஏறும்.

மலிவு விலை வீடு எங்கே வரும், எந்தத் திடல் திடலாகவே இருக்கும், வழிபாட்டுத் தலத்துக்கு எங்கே நிலம் ஒதுக்கப்படும் என்பதெல்லாம் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டத்தில் வரைபடமாகவே வந்துவிடும். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அதாவது சட்டம் 172-இன்படி, அந்தத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கக் குறைந்தது 4 வாரம் அவகாசம் தர வேண்டும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் நேரிலும் விசாரிப்பார்கள். ஊராட்சி மன்றத்தின் பட்ஜெட்டும் ஆண்டுதோறும் போடப்படுகிறது. நாம் கட்டும் மதிப்பீட்டு வரி எந்தச் சாலைக்கு, எந்தச் சாக்கடைக்கு, எந்த மண்டபத்துக்குப் போகும் என்பது அங்கேதான் முடிவாகும். மன்றத்தின் கூட்டம், மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, பொதுமக்களுக்குத் திறந்தது என்று ஊராட்சிச் சட்டமே சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருக்கிறோம்?

சபையில் பேசிய தம்பி

மகாபாரதத்தில் சபா பர்வம் நம் எல்லோருக்கும் தெரியும். திரௌபதி சபைக்கு இழுத்து வரப்படுகிறாள். அவள் அழுவதோடு நிற்கவில்லை, சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னையே தோற்றுவிட்ட ஒருவர் அதன்பின் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்கிறாள். அது ஒரு சட்டக் கேள்வி. துரோணர் இருக்கிறார், கிருபர் இருக்கிறார், இன்னும் எத்தனையோ பெரியவர்கள். யாரும் நேரான பதில் சொல்லவில்லை. பீஷ்மர்கூட தர்மம் நுட்பமானது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்.

எழுந்து பேசியவன் விகர்ணன். கௌரவர் நூறு பேரில் ஒருவன், துரியோதனனின் தம்பி, வயதில் சின்னவன். "சின்னப் பையன் உனக்கு என்ன தெரியும்" என்கிற மாதிரி கர்ணன் அவனை அடக்கிவிடுகிறான். விகர்ணன் பேசியதால் அன்று முடிவு மாறவில்லை. ஆனால் விதுரர் அதே சபையில் சொல்லும் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். சபையில் கேள்வி எழுந்த பிறகு, பதில் தெரிந்தும் வாய் திறக்காதவனுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

அதாவது, மௌனம் நடுநிலை கிடையாது. நாம் பேசாமல் இருந்தாலும் முடிவு நடக்கத்தான் போகிறது. நம் இடத்தையும் சேர்த்து வேறு ஒருவர் நிரப்பிவிடுவார், அவ்வளவுதான்.

"எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தானே கேக்குறாங்க?"

இந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்கு வரலாறு இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965-இல், அதை நிறுத்தி வைத்தார்கள். ஜொகூர் பாரு, பத்து பகாட் நகராட்சிகள் உள்பட சில மன்றங்களை மாநில அரசுகளே எடுத்துக்கொண்டன. ஊராட்சி நிர்வாகத்தை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். குறைகள் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நல்லது என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள்.

ஆக, நம் கவுன்சிலரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் கருத்துக் கேட்பு வெறும் சடங்காகிவிடும் ஆபத்து உண்மைதான். ஆனால் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. ஓட்டு இல்லாத இடத்தில் எழுத்து மட்டும்தானே மிச்சம்? அதையும் விட்டால் கையில் என்ன இருக்கிறது? வாயால் சொன்ன குறை காற்றோடு போயிடும். எழுதிக் கொடுத்த ஆட்சேபம் கோப்பில் இருக்கும், பின்னாளில் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

நான் படிக்கும் பொறியியல் துறையில் ஓர் எளிய உண்மை உண்டு. வரைபடத்தில் சொல்லப்படாத சுமையை எந்தத் தூணும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கட்டிய பிறகு "மேலே தண்ணித் தொட்டி வைக்கணும்" என்றால் தூண் தாங்காது. ஊர்த் திட்டமும் அப்படித்தான்.

யாருடைய குரல்?

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி. கோலாலம்பூரில் நடந்த தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பாருங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ஒரு பூங்கா நிலத்தில் உயர்மாடி வீடுகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது. பொதுமக்கள் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இது பெரிய சாட்சி.

ஆனால் அதே இடத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சுமார் 100, 1980-களிலிருந்து நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. பெரும்பாலும் நம்மவர்கள். அந்தத் திட்டத்தில்தான் அவர்களுக்கும் வீடு இருந்தது. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் இவர்களுக்கு வீடு கிடைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இருந்தாலும் வக்கீல், கடிதம், பத்திரிகை எல்லாம் கைவசம் உள்ளவரின் நியாயம் ஒரு வழியாக முடிந்தது. அவை இல்லாதவரின் நியாயம் இன்னொருவர் திட்டத்தோடு கட்டிப்போடப்பட்டு அதோடு சேர்ந்து தொங்கியது. பேசத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கிற கதவை நியாயமான கதவு என்று சொல்லலாமா?

சட்டத்திலேயே இந்த இடைவெளி தெரிகிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர்கள் 21 நாளில் ஆட்சேபிக்கலாம். உரிமையாளர்களுக்கு. 15 வருஷமாக வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்குக் கடிதம் வராது.

நாம் பெருமையாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் இதில் நமக்குப் பாடம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அவை. குடவோலை முறை, கணக்குக் காட்டாதவனுக்குத் தடை எல்லாம் அற்புதம்தான். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். ஆயிரம் வருஷம் கழித்தும் நிலம் இல்லாதவன் வெளியில்தான் நிற்கிறான்.

இதைக் கொஞ்சம் மாற்றிக்காட்டிய முயற்சி பினாங்கில் நடந்தது. 2012-இலிருந்து பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் ஊராட்சி மன்றங்களோடு சேர்ந்து மலிவு விலை அடுக்குமாடிகளில் பங்கேற்பு பட்ஜெட்டை நடத்தியது. மக்கள் ஆபீசுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் அவர்களே வீடு வீடாகப் போனார்கள். பெண்கள், ஆண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிக் குழுவாக உட்கார வைத்துக் கேட்டார்கள். பிறகு எதற்கு முதலில் பணம் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்க வைத்தார்கள். தனித்தனியாகக் கேட்டது முக்கியம். அப்பா பார்க்கிங் கேட்பார், அம்மா எரியாத படிக்கட்டு விளக்கைச் சொல்வாங்க. ஒரே கூட்டமாக இருந்தால் அப்பாவின் பதில்தான் குடும்பத்தின் பதிலாக எழுதப்படும்.

நமக்கு என்ன வேலை?

நம் இளைஞர் மன்றங்களைப் பற்றி ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோயிலுக்கு நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் 200 பேர் கூடுவோம். ஆனால் அந்த நிலம் வரைபடத்தில் வேறு நிறத்தில் தீட்டப்பட்டு 4 வாரம் பார்வைக்கு இருந்தபோது எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? தோட்டம் விற்கப்பட்டபின் அடுத்தவர் பட்டாவில் நிற்கும் கோயில்கள் நம்மிடம் நிறைய. அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இயந்திரம் வந்து நிற்கும் நாள் அல்ல.

கோயிலுக்காக மட்டும் பேசினாலும் போதாது. கோயிலுக்கு நிலம் கேட்டு வாங்கிவிட்டு, அந்தக் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டால் யாருக்காக மணி அடிப்போம்? காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிற அண்ணனால் வேலை நாளில் மன்றத்துக்கு வந்து வரைபடம் பார்க்க முடியாது. மலாய் மொழியில் பாரம் நிரப்பப் பாட்டிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மலாய், சீனக் குடும்பங்களிலும் இதே நிலையில் இருப்பவர்கள் உண்டு. இவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பதும் தொண்டுதான். அன்னதானத்துக்குக் கூடும் அதே கைகளால் இதையும் செய்யலாம்.

ஒவ்வொரு மன்றத்திலும் இரண்டு தம்பி தங்கைகள் இதற்குப் பொறுப்பேற்றால் போதும். ஊராட்சி மன்ற அறிவிப்புகளைப் பார்க்க ஒருவர், வீடு வீடாகக் கேட்டு எழுத ஒருவர். எழுதியதன் நகலைக் கோயில் அலமாரியில் வையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நேரில் போய் உட்காருங்கள்.

நாம் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. விகர்ணனுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சபையில் இருந்த பெரியவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "ஏன் சும்மா இருந்தாங்க?" என்று நாம் இன்றும் கேட்கிறோம். நம் வட்டாரத்தில் வளரப்போகும் பிள்ளைகளும் ஒரு நாள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கட்டும்.