வேகம் யாருடைய உடைமை?

நான்கே நொடிகள்! நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது, இன்று செல்வர்கள் வாங்கும் அதிவேகக் கார். கூரை தாழ்வானது, விலையோ உயர்வானது. அதன் உறுமல் தெருமுனையில் கேட்கும்போதே நடந்து செல்பவன் ஓரத்துக்கு ஒதுங்குகிறான். ஒதுங்கியவன் திரும்பிப் பார்க்கிறான். பார்த்தவன் பெருமூச்சு விடுகிறான். பாதி வியப்பு, பாதி ஏக்கம் அந்தப் பெருமூச்சு. 'நமக்கும் ஒன்று வாய்க்காதா?' என்ற ஏக்கம்!

அந்த ஏக்கத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம், தோழர்களே! பொதட்டூர்பேட்டையில், விசைத்தறி ஓசைக்கிடையே வளரும் பிள்ளைகளைப் பாருங்கள். குறிப்பேட்டின் அட்டையிலே கார். கைப்பேசியின் திரையிலே கார்! எந்தக் காருக்கு எத்தனை குதிரைத்திறன், எதற்கு எவ்வளவு உச்ச வேகம் என்று தட்டுத் தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். வாய்பாட்டிலே தடுமாறும் மாணவன்கூட இந்தக் கணக்கிலே தடுமாறுவதில்லை. மனப்பாடம் செய்தது போதும், கொஞ்சம் சிந்தித்தும் பார்ப்போமே என்கிறோம் நாம்.

வேகத்தைப் பழிக்க வரவில்லை. பகுத்தறிவு பேசுவோர் எந்திரத்தைப் பழித்தல் ஆகாது. புராணத்திலே புட்பக விமானம் பறந்தது. ஏடுகளிலே பறந்ததேயன்றி, ஏழையை ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்கும் சென்றதில்லை. காரல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியோ, மெல்ல உருண்டாலும் மெய்யாகவே உருண்டது. மந்திரத்தால் அன்று, மதியால்! 1983இல் நம் நாட்டுச் சாலைக்கு வந்த மாருதி 800இன் எஞ்சின் 40 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆயினும் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்து மலையேறிற்று. இன்றோ 500 குதிரைத்திறன் கொண்ட கார் வியப்புக்குரியதன்று. இந்த வளர்ச்சி மனித அறிவின் மணிமுடி. அதைக் கண்டு மகிழாதவன் அறிவைக் கண்டு மகிழாதவனே.

ஓட்டியவர்கள் சொல்லும் இன்பமும் பொய்யன்று. முடுக்கியை மிதித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டுகிறதாம். விரல் நுனியின் விருப்பத்தைச் சக்கரம் உணர்கிறதாம். வளைவிலே சாயாமல், வழுக்காமல், வரைந்த கோட்டிலே செல்கிறதாம். நம்புகிறோம் நாம்.

ஆனால் அதே உரிமையாளர்கள், அடுத்த மூச்சிலே குறை சொல்வதையும் கேளுங்கள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசுகிறது; பள்ளம் கண்டால் நெஞ்சு பதைக்கிறது; நகரத்து நெரிசலிலே இரண்டாவது கியரைத் தாண்ட வழியில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடியலிலே, ஊர் உறங்கும் வேளையிலே, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தேடிச் செல்கிறார்கள். கோடி கொடுத்து வாங்கியாயிற்று, ஓட்டத்தான் இடமில்லை!

இந்தக் குறையிலேயே உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தக் காரின் முழு ஆற்றலுக்குப் பொதுச்சாலையிலே இடமில்லை. இடமில்லாத இடத்தில் அதைக் காட்டினால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்: வெறும் பகட்டு, அல்லது பிறர் உயிருக்கு ஆபத்து.

"எங்கள் பணம், எங்கள் கார், எங்கள் விருப்பம்! உனக்கென்ன?" என்று கேட்பர் சீமான்கள்.

பணம் உங்களுடையது; மறுக்கவில்லை. கார் உங்களுடையது; மறுக்கவில்லை. சாலை? அது யாருடையது? எதிரே வரும் சைக்கிள்காரனின் உயிர்? அது யாருடையது?

பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் ஒரு நொடியிலே ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 120இல் சென்றால் 33 மீட்டர். குறுக்கே குழந்தை வருவதைக் கண் கண்டு, கால் தடையை மிதிக்கும் முன்னரே ஏறத்தாழ ஒரு நொடி ஓடிவிடும். அந்த ஒரு நொடியிலே, எத்தனை கோடி விலையுள்ள காராயினும் 33 மீட்டர் தூரம் அடக்குவாரற்றுப் பாய்கிறது. மோதும் ஆற்றலோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு; மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இயற்கையின் இந்தச் சட்டம் ஏழைக்கு ஒன்று, செல்வனுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

ஆயினும் அந்தச் சட்டத்தின் தண்டனையை யார் சுமக்கிறார்கள்? அங்கேதான் அநீதி நுழைகிறது. உள்ளே இருப்பவனுக்குக் காற்றுப்பை உண்டு, இருக்கைப் பட்டை உண்டு, எஃகுக் கூடு உண்டு. வெளியே நடப்பவனுக்குத் தோலும் எலும்பும்தான். இன்பம் ஒருவனுக்கு, இழப்பு இன்னொருவனுக்கு!

கற்பனையன்று இது. 2024 மே 19, விடியலுக்கு முந்தைய வேளை, புனே நகரம். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார், மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர் இருவரை மோதிக் கொன்றது. கோடிக்கு மேல் விலையுள்ள அந்தக் காருக்குப் பதிவெண் இல்லை. ஏன் தெரியுமா? 1,758 ரூபாய் கட்டணம் கட்டப்படவில்லை! கோடியை எண்ணிய கைக்கு ஆயிரத்தை எண்ண நேரமில்லை போலும்.

சிறார் நீதி வாரியம் அன்றே பிணை வழங்கியது. விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. இரண்டு உயிருக்கு 300 சொல். உயிர் ஒன்றுக்கு 150! வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்குத் தருவதற்கே அது சிறிய வேலை என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவோம். நாடு கொதித்தது, சில நாட்களில் அந்த ஆணை மாற்றப்பட்டது. பின்னர், இரத்த மாதிரியை மாற்றிவைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில் மருத்துவர்களும் கைது செய்யப்பட்டனர். வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் கேட்பது வேறு: நெசவாளியின் மகன் ஒருவன் பழைய மோட்டார் சைக்கிளால் இருவரைக் கொன்றிருந்தால், அவனுக்கும் கட்டுரைதான் கிடைத்திருக்குமா?

வளரும் பிள்ளையிடம் வாகனத்தைக் கொடுத்தவர் தப்ப முடியாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர்க்கும் உரிமையாளர்க்கும் மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து. அச்சடித்த சட்டம் நல்ல சட்டம்தான். அச்சம் தர வேண்டியவர்க்கு அச்சம் தருகிறதா என்பதே கேள்வி.

புள்ளிவிவரத்தையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மிகுவேகத்தால் மாண்டவர்கள். தமிழ்நாட்டில் மாண்டோர் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையிலே அந்த ஆண்டு நாட்டின் முதலிடம் நமக்கு! பெருமைப்பட வேண்டிய முதலிடமா இது?

இத்தனை சாவும் சீமான்களின் காரால் நேர்ந்தவை என்று சொல்லமாட்டோம். சொன்னால் அது பொய். லாரிக்கும் பேருந்துக்கும் இருசக்கர வண்டிக்கும் இதிலே பங்குண்டு. ஆனால் 'வேகமே வீரம்' என்ற எண்ணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கோடி ரூபாய்க் காரிலே செல்வன் மகன் காட்டுவதை, தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளிலே பாட்டாளி மகன் காட்ட முனைகிறான். அவன் விழுந்தால் காற்றுப்பை இல்லை. தவணை மட்டும் நிற்கிறது, தாயின் தலையிலே!

விபத்துக்கு அஞ்சுவோர் என்ன செய்கிறார்கள்? புதுக்காருக்கு மாலை சூட்டி, பூசையிட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறார்கள். அங்கே நசுங்குவது பழமா, பகுத்தறிவா? வண்டியை நிறுத்துவது தடை. தரையைப் பற்றுவது டயர். இரண்டையும் ஆள்வது ஓட்டுநரின் கட்டுப்பாடு. இவை மூன்றும் சரியாக இருந்தால் எலுமிச்சை வேண்டியதில்லை; சரியாக இல்லையேல், எலுமிச்சைத் தோட்டமே காப்பாற்றாது.

அப்படியானால் வேகத்துக்கு இடமே இல்லையா? உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்திலே கிடந்தது. அங்கே 1950களில் கார்ப் பந்தயம் வேர்விட்டது. 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலே தனிப் பந்தயத்தளம் எழுந்தது. கோவையின் கரிவரதன், மாருதியின் எளிய எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, குறைந்த செலவில் திறமையைச் சோதிக்க வழி கண்டார். அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்ட் இறுதியில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளையே தடுப்பு வைத்து அடைத்து, இரவு விளக்கொளியிலே ஃபார்முலா நான்கு பந்தயமும் நடந்தது.

பந்தயத்தளத்தில் என்ன வேறுபாடு? அங்கே எதிரே வருபவன் இல்லை. குறுக்கே வரும் குழந்தை இல்லை. தலைக்கவசம் உண்டு, தடுப்பு உண்டு, கொடி காட்டுவோர் உண்டு, மருத்துவ வண்டி உண்டு. ஒரே வகைக் கார்கள் மோதும் பந்தயத்திலே, பணம் பின்னுக்குச் செல்கிறது. திறமை முன்னுக்கு வருகிறது. வாங்கிய குதிரைத்திறனுக்குக் கைதட்டு இல்லை; வளைவிலே காட்டிய கைத்திறனுக்கே கைதட்டு!

கட்டுப்பாட்டுக்குச் சான்று ஒன்று சொல்வோம். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். நரேன் நான்காவதாக வந்த பந்தயம் அது. இருபது கார்கள் அணிவகுத்தன. ஆனால் ஓடியவை ஆறே! மற்றப் பதினான்கும் தொடக்கக் கோட்டுக்கே வராமல் விலகின. காரணம், அவற்றின் மிஷ்லின் டயர்கள் அங்கிருந்த சாய்வு வளைவைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியவில்லை. சீட்டு வாங்கிய கூட்டம் சீறிற்று. ஆயினும் நின்றார்கள். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள், டயர் மீது ஐயம் எழுந்ததும் நின்றார்கள். நம் தெருவிலே திரியும் வேக வீரரோ, எதிரே பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கண்டும் நிற்க மறுக்கிறார். எவர் வீரர்?

பந்தயத்தளம் குற்றமற்றது என்று கோயில் கட்டவும் நாம் தயாரில்லை. 2023ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலே அனுபவம் மிக்க கார் ஓட்டுநர் ஒருவர் மாண்டார். அதே ஆண்டு, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான். வளர்ந்தவர், ஆபத்தை அறிந்து, தம் உயிரைத் தாமே பணயம் வைக்கிறார். அவர் உரிமையை மதிக்கிறோம். பதின்மூன்று வயது? அந்த வயதிலே ஆபத்தை எடைபோடும் அறிவு முதிர்ந்திருக்குமா? சம்மதம் என்பது அறிந்து தரப்பட வேண்டியது. பிள்ளையின் ஆர்வத்தை அவன் சம்மதமென்று பெரியவர்கள் எழுதிக்கொள்வது அறமாகாது.

இப்போது அளவுகோல் நம் கைக்கு வந்துவிட்டது. ஆபத்தை அறிந்து, தானே ஏற்று, தானே சுமப்பவனின் வேகம் விளையாட்டு. கேளாமலே பிறர் தலையிலே ஆபத்தைச் சுமத்துபவனின் வேகம் ஆதிக்கம்.

ஆதிக்கம் என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறோம். தெரு யாருக்கு என்ற கேள்வி தமிழருக்குப் புதிதன்று. 1924இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். பிறவியைக் காட்டி 'ஒதுங்கு' என்றார்கள் அன்று. பணத்தைக் காட்டி, ஒலிப்பானை அழுத்தி, 'ஒதுங்கு' என்கிறார்கள் இன்று. இரண்டும் ஒன்றல்ல, அன்றைய இழிவு ஆழமானது. ஆனால் தெரு பொதுச்சொத்து என்பதை மறுக்கும் மமதை இரண்டிலும் இருக்கிறது.

2021இல் சென்னை உயர்நீதிமன்றம், விபத்தில் உடல் சிதைந்த ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கை விசாரித்தபோது, உச்ச வேகத்தை 120 கிலோமீட்டர் வரை உயர்த்திய 2018ஆம் ஆண்டு அறிவிக்கையை ரத்து செய்தது. சிதைந்த ஓர் உடல் நெடுஞ்சாலையின் கணக்கையே மாற்றச் சொல்லிற்று! உடல் சிதையும் முன்பே நாம் அந்தக் கணக்கைப் போடலாகாதா?

ஆகவே இளைஞர்களுக்குச் சொல்வோம். காரை விரும்புங்கள், அதன் எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள், அதனினும் சிறந்ததைப் படைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விசைத்தறிக்கும் வேகமுண்டு, அந்த வேகம் துணியாகிறது, ஒருவன் மானம் காக்கிறது. உங்கள் வேகம் எதுவாகிறது என்று கேளுங்கள். ஓட்டும் ஆசை உண்டெனில், களத்துக்குச் செல்லுங்கள். அந்தக் களம் செல்வர்க்கு மட்டும் திறப்பதெனில், எளியவர்க்கும் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. பள்ளி வாசலிலும் சந்தைத் தெருவிலும் வேகத்தைக் குறைக்க மறுப்பவன் எவனாயினும், அவன் கார் எத்தனை கோடியாயினும், அவனைக் கண்டு பெருமூச்சு விடாதீர்கள். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஊரார் கூடிப் புகார் கொடுங்கள்.

வியந்து ஒதுங்கியது போதும். தெரு நம்முடையது.