வம்சத்துக்கு ஒரு சொல்

'வம்சம்' என்ற சொல்லுக்கு எஸ்பெராண்டோவில் என்ன எழுதுவது என்று மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, கண் வைத்தியர் ஸாமன்ஹோப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட செயற்கை மொழி அது. அதில் குளத்தூரைப் பற்றி ஒரு பக்கம் எழுத எனக்கு ஆசை.

குளத்தூர் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் பெயர். ஒரு காலத்தில் அது தனிப் பாளையம். ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டையில் ஆண்டபோது, அவர் தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரில் ஆண்டார். பிற்பாடு அது புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. அண்ணன் வம்சம், தம்பி வம்சம் என்று எழுத வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்த மொழியில் சொல் கட்டுவது கொத்தனார் வேலை. 'ஹுண்டோ' என்றால் நாய், 'ஹுண்டிடோ' நாய்க்குட்டி. 'ரெஜோ' ராஜா, 'ரெஜிடோ' ராஜகுமாரன். நாய்க்குட்டியும் ராஜகுமாரனும் ஒரே விகுதிக்குள் அடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது! அந்த 'இடோ'வைக் கூட்டமாக்கினால் 'இடாரோ', அதாவது சந்ததி. ஆனால் அது கீழ்நோக்கி மட்டும் பார்க்கிறது. முன்னோர்களுக்கு வேறு சொல் தேட வேண்டும். வம்சம் என்ற வடசொல்லுக்கோ மூங்கில் என்றும் பொருள் உண்டு. கணுவுக்குக் கணு மேலும் கீழும் தொடர்வது.

இன்னொரு சங்கடம். தகப்பன் 'பாட்ரோ'. தாய்க்குத் தனி வேர் கிடையாது. தகப்பனோடு பெண்பால் விகுதியை ஒட்டிப் 'பாட்ரினோ' என்று செய்துகொள்ள வேண்டியதுதான். சண்டையில்லாத உலகத்தைக் கனவு கண்ட மனிதர், தாயைத் தகப்பனிலிருந்து செய்துவிட்டார். நாம் சிரிக்க வேண்டாம். நம் 'தாயாதி'யில் தாய் இருப்பதாக நினைத்தால் ஏமாந்து போவோம். சொத்தில் பங்குடையவன் என்ற வடசொல்லின் தேய்வு அது.

சரி, சொல்லை விட்டு மனிதர்களைப் பார்த்தேன். 1886-இல் ராமச்சந்திரத் தொண்டைமானுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் முந்தைய மன்னரின் மகள் வயிற்றுப் பேரன். தத்து எடுத்து வம்சமாக்கினார்கள். அவரே 1915-இல் மெல்போர்னில் மாலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மறு வருஷம் மகன் பிறந்தான். வெள்ளைக்கார அரசாங்கம் அவளை ராணியாக ஏற்கவில்லை; மகனுக்குப் பட்டமும் இல்லை என்றாயிற்று. 1928-இல் மன்னர் பாரிஸில் காலமானபோது, ராஜகோபாலத் தொண்டைமான் என்ற ஆறு வயதுப் பாலகனைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தினார்கள்.

மகள் வயிற்றுப் பேரன் வம்சம். பெற்ற மகன் வம்சமில்லை. ரத்தம்தான் வம்சம் என்றால் இரண்டாவது தீர்ப்பு தவறு. ஏற்றுக்கொள்வதுதான் வம்சம் என்றால் இரண்டும் சரி. அப்படியானால் ஏற்க மறுக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டும் என்று அழைத்து ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் சேர்த்துக்கொள்ளும் கதவில்தான் வெளித்தள்ளும் தாழ்ப்பாளும் இருக்கிறது.

கடைசியில் 'ஏற்கப்பட்டவர்களின் வரிசை' என்று பொருள்படும்படி மூன்று சொற்களை எழுதினேன். கொஞ்சம் நீளம்தான். மெல்போர்ன்காரியின் பிள்ளைக்கு மட்டும் நான் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. 'பிலோ', மகன் என்று எழுதினேன்.