துளித்துளியாய் இறங்கும் மருந்து

அரிசியில் கல் கிடந்தால் பல்லில் தட்டுப்படும். மருந்தில் அந்த வசதி இல்லை. சீசாவில் இருப்பது சீட்டில் எழுதியதுதானா, எழுதிய அளவுதானா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே கிடையாது. காய்ச்சலில் கிடப்பவருக்கு அதை யோசிக்கவும் தெம்பிருக்காது. கொடுத்தவர் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான் துணை. அந்தக் கொடுப்பவரை உருவாக்கிய ஆசிரியரை நாம் யாரும் நினைப்பதே இல்லை. அப்படி ஓர் ஆசிரியர் வில்லியம் புராக்டர். அமெரிக்க ஃபார்மசியின் தந்தை என்று அந்நாட்டு மருந்தாளுநர்கள் சொல்லும் மனிதர்.

1817-ல் பால்டிமோர் நகரில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். பதினான்கு வயதில் பிலடெல்பியாவுக்கு வந்து ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார். குவேக்கர்கள் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். சத்தியம் செய்து சொல்லும் வார்த்தை ஒன்று, சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இன்னொன்று என்று இரண்டு நாக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் நடத்திய கடைகளில் எல்லாருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. மருந்து நிறுக்கப்போகும் பையனுக்கு இதைவிட நல்ல ஆரம்பப் பாடம் எந்தக் கல்லூரியாலும் தந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பிலடெல்பியா ஃபார்மசி கல்லூரியை 1821-ல் தொடங்கியவர்கள் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர்களேதான். பகலெல்லாம் கடையில் நின்ற பையன்கள் மாலையில் வந்து படித்தார்கள். புராக்டரும் அப்படித்தான் படித்து 1837-ல் தேறினார். லொபீலியா என்ற செடியை ஆராய்ந்துதான் பட்டத்துக்குக் கட்டுரை எழுதினார். அந்தச் செடியை அப்போது நாட்டு வைத்தியர்கள் வாந்தி மருந்தாகத் தாராளமாகக் கொடுத்துவந்தார்கள். அதன் வீரியம் எந்தப் பொருளில் இருக்கிறது என்று தேடிப் பிரித்துக் காட்டியபோது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும்.

1844-ல் சொந்தக் கடை. 1846-ல் அதே கல்லூரியில் பேராசிரியர். இரண்டையும் அவர் விடவில்லை. காலையில் கடை, மாலையில் வகுப்பு. அதற்குமேல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபார்மசி’ இதழின் ஆசிரியர் வேலையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தலையில். அதில் அவர் எழுதிய கட்டுரைகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் கடைக்குள் கிடைத்த பாடங்கள்: ஒரு சிரப் ஏன் கெடுகிறது, ஒரு களிம்பு ஏன் பிரிகிறது, ஒரு வேரின் சத்தை வீணாக்காமல் எப்படி இறக்குவது.

இந்தக் கடைசிக் கேள்வியில் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போனது. பெர்கொலேஷன் என்ற முறையை பிரான்சில் பூலே என்ற தந்தையும் மகனும் 1830-களில் விளக்கியிருந்தார்கள். அமெரிக்கக் கடைகளில் அது வேரூன்றியதில் புராக்டருக்குப் பெரும்பங்கு உண்டு. இன்றும் ஃபார்மசி மாணவர்கள் ஆய்வகத்தில் அதைச் செய்கிறார்கள். பட்டையையோ வேரையோ பொடித்துச் சலித்து, ஆல்கஹாலும் நீரும் கலந்த திரவத்தில் பிசறி, கூம்பு வடிவக் கலனில் அடைக்க வேண்டும். மேலே திரவத்தை ஊற்றி, ஊறவிட்டு, கீழ்க்குழாயைத் திறந்தால் சாறு துளித்துளியாக இறங்கும். அடைக்கும் பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மிக இறுக்கினால் சாறு இறங்காது. ஒரு பக்கம் இளக்கமாக விட்டால் திரவம் அந்த வழியாகவே ஓடிவிடும், மற்ற பக்கத்துப் பொடியில் சத்து அப்படியே தங்கிவிடும். அப்போதும் நிறமான சாறு வரத்தான் செய்யும். ஒழுங்காக இறக்கியதையும் அவசரத்தில் இறக்கியதையும் சீசாக்களில் ஊற்றி அருகருகே வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். வேறுபாடு குடித்தவர் உடம்புக்குத்தான் தெரியும். அவரும் நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார், மருந்தைச் சந்தேகிக்க மாட்டார்.

புராக்டர் வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்தது இந்தக் கைப்பக்குவத்தை. ஆனால் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். யாரும் பார்க்காதபோதும் அதே பக்குவத்தோடு அடைக்க வேண்டும் என்பதை எந்தப் பாடநூலில் எழுதுவது? அதை ஒருவர் தினமும் தன் கடையில் செய்துகொண்டிருந்தால் மட்டுமே மாலையில் வகுப்பில் சொல்ல வாய் வரும். கடையை மூடிவிட்டு முழுநேரப் பேராசிரியராக அவர் போகாததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நமக்கு அறிமுகமான பொருள் ஒன்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு அடுக்கி வைத்திருக்கும் விண்டர்கிரீன் தைலம், நீலகிரியில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து வருவது. சுளுக்குக்குத் தேய்க்கும் களிம்புகளின் மணம் அதுதான். அந்தச் செடியின் அமெரிக்க உறவிலிருந்து எடுத்த எண்ணெயும், அங்குள்ள பிர்ச் மரப் பட்டையில் வடித்த எண்ணெயும் ஒன்றே என்று 1840-களின் தொடக்கத்தில் காட்டியவர் புராக்டர். பட்டையில் அந்த எண்ணெய் முன்பே இருக்கவில்லை, நீர் பட்டதும்தான் உண்டாகிறது என்பதையும் கண்டறிந்தார். பிற்பாடு விண்டர்கிரீன் என்ற பெயரில் விற்றதில் பெரும்பங்கு பிர்ச் எண்ணெயாகவே இருந்தது. உண்மையைச் சொல்வதற்காகச் செய்த ஆராய்ச்சி, பெயர் மாற்றி விற்பவர்களுக்கும் உதவியது. இது அவர் குற்றமில்லை. ஆனாலும் அறிவை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அக்காலத்து மருந்துச் சந்தையின் நிலை அப்படி. ஐரோப்பாவில் விலைபோகாத கலப்பட மருந்துகள் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து குவிந்ததால், இறக்குமதி மருந்தைச் சோதிக்க 1848-ல் சட்டம் போட்டார்கள். சோதிக்க அளவுகோல் வேண்டுமே என்று கூடிப் பேசியவர்கள் 1852-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க மருந்தாளுநர் சங்கத்தை அமைத்தார்கள். கடிதப் பொறுப்புச் செயலாளர் புராக்டர். பத்தாண்டு கழித்துத் தலைவரும் அவரே.

வீடும் அவரைச் சும்மா விடவில்லை. 1849-ல் மணந்த மனைவி பத்தாண்டில் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்டார். இருபது ஆண்டு ஆசிரியப் பணிக்குப் பின் 1866-ல் பேராசிரியர் பொறுப்பை எட்வர்ட் பாரிஷிடம் விட்டு விலகியபோது, மிஞ்சிய நேரத்தை வீட்டுக்கே கொடுத்திருக்கலாம். 1872-ல் பாரிஷ் இறந்துபோனார். கல்லூரி மறுபடியும் கூப்பிட்டது. போனார். நல்ல ஆசிரியர்களின் குடும்பங்கள் இப்படித்தான் தங்கள் பங்கைத் தவணையில் பெறுகின்றன. அந்தக் குடும்பங்களுக்கு யாரும் விழா எடுப்பதில்லை, எடுக்க வேண்டும்.

1874 பிப்ரவரியில் மாலை வகுப்பை முடித்துவிட்டு வீடு திரும்பியவர் அன்றிரவே இறந்தார். வயது ஐம்பத்தாறு. அவருக்கு உதவியாளராக இருந்த ஜோசப் ரெமிங்டன் அந்த நாற்காலிக்கு வந்தார். அவர் 1885-ல் எழுதிய நூல்தான், பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, ‘ரெமிங்டன்’ என்ற பெயரிலேயே நம் ஃபார்மசி கல்லூரி நூலகங்களில் தடித்த நூலாக நிற்கிறது.

புராக்டர் வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் ஊரில் மருந்துக்கடை வைக்க உரிமம் தேவையில்லை. நினைத்தவர் திறக்கலாம். சட்டம் இல்லாத அந்த இடத்தை ஆசிரியர்கள்தான் நிரப்பினார்கள். நமக்கு 1948 முதல் மருந்தாளுநர் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்க, மாத வாடகை மட்டும் அவருக்குப் போய்ச் சேரும் மெடிக்கல் ஷாப்புகள் நம் ஊர்களில் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, இனிப்பானது, பார்வைக்கு நல்ல கரைப்பானிலிருந்து பிரித்தறிய முடியாதது. சோதித்தால் மட்டுமே தெரியும்.

சோதிப்பதற்கும் மேற்பார்வை பார்ப்பதற்கும் பட்டம் பெற்றவர்களைத்தான் சட்டம் வைக்கிறது. அவர்களும் ஓர் ஆசிரியரிடம் படித்தவர்கள்தான். பெர்கொலேஷன் செய்முறையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள்தான். கல்லூரியை ஆய்வு செய்ய வருகிறவர்கள் கட்டடத்தை அளக்கிறார்கள், தராசை எண்ணுகிறார்கள், வருகைப் பதிவைப் புரட்டுகிறார்கள். முன்னே நின்று பாடம் நடத்துகிறவர் கடைசியாக எப்போது ஒரு நோயாளிக்குத் தன் கையால் மருந்து கொடுத்தார் என்று கேட்பதில்லை. முதலில் அதைக் கேட்கத் தொடங்க வேண்டும்.