சிகரத்துக்குச் சில அடி கீழே

மலையுச்சியை மிதித்தவன் மலையை வென்றவன் ஆகிவிடுகிறானா?

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்பது மான்ட் பிளாங்க் சிகரம். 1786 ஆகஸ்ட் 8 அன்று, மருத்துவர் பக்கார், பால்மா ஆகிய இருவர் முதன்முதலில் அதை எட்டினர். நவீன மலையேற்றம் அன்றுதான் பிறந்தது என்பர். ஆயினும் அவர்கள் இறங்கி வந்தபின், புகழ் யாருக்கு உரியது என்ற பூசல் எழுந்தது. பக்காரின் பங்கு நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது. பனியும் பாறையும் கடக்கப்பட்டன. ‘நான்’ என்னும் எண்ணம் கடக்கப்படவில்லை.

இதற்கு மாறான காட்சியொன்றை இமயம் கண்டது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம். சிக்கிம் மக்களுக்கு அது காவல் தெய்வம். 1955-இல் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழு, உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்களித்திருந்தது. மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சியை நெருங்கினர். சில அடிகள் கீழேயே நின்று திரும்பினர். மறுநாள் ஏறிய ஹார்டியும் ஸ்ட்ரீதரும் அவ்வாறே செய்தனர். 1977-இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் சென்ற இந்திய ராணுவக் குழுவும் அம்மரபைப் போற்றியது.

“மலை முழுவதையும் மிதித்துவிட்டு, கடைசிச் சில அடிகளை மட்டும் விடுவதால் என்ன பயன்? கல்லும் பனியும் மரியாதையை அறியுமா?” என்று கேட்கலாம். கல் அறியாதிருக்கலாம். ஆனால் அதை வணங்கும் மக்கள் அறிவர். வாக்களித்தவனின் உள்ளமும் அறியும். அவ்வுச்சியில் கண்காணிக்க எவருமில்லை. வாக்கை மீறியிருந்தால் கேட்பாரும் இல்லை.

மேலும், மலையடிவாரத்தில் நிற்பவன் “உச்சி எனக்கு வேண்டாம்” என்றால், அது துறவா, இயலாமையா என்று சொல்வது கடினம். எட்டும் தூரத்தில் நிற்பவன் விலகும்போதுதான் அந்த ஐயம் நீங்குகிறது. ஆற்றல் முதிர்ந்த இடத்திலேயே அடக்கத்துக்கு உண்மையான சோதனை. அந்தச் சில அடிகளை விட்டதால் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. கஞ்சன்ஜங்காவை முதலில் ஏறியவர்கள் என்றே உலகம் அவர்களை ஏற்றுக்கொண்டது.

2001-இல் சிக்கிம் அரசு தன் பக்கத்திலிருந்து அம்மலையில் ஏறுவதைத் தடை செய்தது. சட்டத்துக்கு அஞ்சி நிற்பதும் நல்லதே. சட்டமும் சாட்சியும் இல்லாத இடத்தில், கொடுத்த வாக்குக்காகத் தானே நிற்பது அதனினும் உயர்ந்தது. பதவியிலும் செல்வத்திலும் வாதத்திலும் மனிதனுக்கு இத்தகைய கடைசி அடிகள் வருகின்றன. வைக்க முடிந்தும் வைக்காத அந்த அடியே அவன் ஏறிய உயரத்தின் அளவு.