‘ரைட்’ என்ற சிறு சொல்

பிரம்மம், மாயை, மோட்சம் போன்ற பெரிய சொற்களை மொழிபெயர்ப்பதுதான் கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு விளக்கம் எழுதிவிடலாம். மொழிபெயர்ப்பாளனின் பேனாவைத் தயங்கி நிற்கச் செய்பவை அன்றாடம் எல்லோர் வாயிலும் புழங்கும் சிறு சொற்களே. ஆங்கிலத்தின் ‘ரைட்’ அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் இச்சொல் தெரியும். பேருந்து நடத்துநர் “ரைட், ரைட்” என்றால் வண்டி புறப்படுகிறது. ஆசிரியர் விடைத்தாளில் ‘ரைட்’ போட்டால் மாணவனின் முகம் மலர்கிறது. வழி கேட்டவரிடம் “ரைட்டில் திரும்புங்கள்” என்கிறோம். பேச்சை முடிக்கும்போது “ரைட், பிறகு பார்க்கலாம்” என்கிறோம். நீதிமன்றத்திலோ இதே சொல் ‘உரிமை’ என்று பொருள்படுகிறது. புறப்படு, சரி, வலப்பக்கம், ஆகட்டும், உரிமை என்ற இத்தனை பொருள்களும் எப்படி ஒரே சொல்லில் வந்து கூடின? இது வெறும் அகராதிக் கேள்வி அன்று. நாம் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வியும் இதனுள் இருக்கிறது.

நேரும் கோணலும்

‘ரைட்’ என்பதன் ஆதிப்பொருள் ‘நேரானது’ என்பதாகும். லத்தீன் மொழியின் ‘ரெக்டஸ்’, சமஸ்கிருதத்தின் ‘ருஜு’ ஆகியவையும் இதே தொன்மையான வேரிலிருந்து வந்தவை என்பர் மொழியியலாளர். இதற்கு எதிர்ச்சொல்லான ‘ராங்’ என்பதோ ‘வளைந்தது’, ‘முறுக்கியது’ என்ற பொருளிலிருந்து பிறந்தது.

தமிழிலும் இதே எண்ணம் வேரூன்றியிருப்பதைக் காணலாம். நேராக இருப்பது நேர்மை. ‘கொடு’ என்றால் வளைந்தது; அதிலிருந்து வந்தது கொடுமை. அரசன் முறை தவறாமல் ஆண்டால் செங்கோல், தவறினால் கொடுங்கோல். வடிவியலில் ஆங்கிலேயர் ‘ரைட்’ என்ற சொல்லால் குறிக்கும் கோணத்தை நாம் செங்கோணம் என்கிறோம். தொலைவில் வாழ்ந்த இரு மக்கள், தம்முள் கலந்து பேசாமலேயே, அறத்தை நேர்கோடாகவும் அநீதியைக் கோணலாகவும் கண்டிருக்கிறார்கள்.

1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லியில் நேருவிடம் ஒரு செங்கோல் வழங்கப்பட்டது. அது 2023 மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் நிறுவப்பட்டது. அந்தக் கோலின் பெருமை அதன் பொன்னில் இல்லை, அது வளையாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.

வலக்கைக்கு வந்த பெருமை

‘நேரானது’ என்ற சொல் வலக்கைக்குப் பெயரானது பெரும்பாலோரின் பழக்கத்தால். வலக்கைதான் வலிமையுள்ளது, திறமையுள்ளது என்று மனிதர்கள் கருதினர். தமிழில் ‘வலம்’ என்றால் வலிமை, வெற்றி என்றும் பொருள். சமஸ்கிருதத்தில் ‘தட்சிணம்’ என்ற சொல்லிலும் திறமை என்ற பொருள் உண்டு. ஆங்கிலத்தில் இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லோ முதலில் ‘வலுவற்றது’ என்ற பொருளில் வழங்கியது.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையைப் பெறலாம். பெரும்பாலோரின் பழக்கம் மெல்ல மெல்ல ‘சரியானது’ என்ற மதிப்பைப் பெற்றுவிடுகிறது. இடக்கையால் எழுதிய எத்தனையோ குழந்தைகள் அடித்துத் திருத்தப்பட்டனர். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பலரும் செய்வது வேறு, அறம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஒரு சொல், மூன்று மொழிகள்

‘உரிமை’ என்ற பொருளில் இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது சுவையான வேறுபாடுகள் தோன்றுகின்றன. டெல்லியில் அரசு அலுவலகங்களுக்குச் செல்பவர்கள், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியில் ‘சூசனா கா அதிகார்’ என்று குறிக்கப்படுவதைக் காணலாம். அரசியல் சாசனத்தின் மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமைகள் இந்தியில் ‘மூல் அதிகார்’ எனப்படுகின்றன. அதே நகரின் தெருக்களில் சாதாரண மக்கள் ‘ஹக்’ என்கிறார்கள். நாம் ‘உரிமை’ என்கிறோம்.

தமிழர் காதில் ‘அதிகாரம்’ என்றதும் ஆணையிடும் பதவிதான் நினைவுக்கு வருகிறது. வேதாந்த நூல்களிலோ அது ‘தகுதி’ என்று பொருள்படும். நூலைக் கற்கத் தகுதி பெற்றவனே அதிகாரி. கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகத்தில் இச்சொல், மனிதனுக்குச் செயலின்மீது உள்ள தொடர்பைக் குறிக்கவும் பலனின்மீது அது இல்லை என்று மறுக்கவும் பயன்படுகிறது. ‘ஹக்’ என்ற அரபுச் சொல்லுக்கு உரிமை என்பதோடு ‘உண்மை’ என்ற பொருளும் உண்டு. இஸ்லாமியர் இறைவனை அழைக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. தமிழின் ‘உரிமை’யோ ‘உரி’ என்ற வேரிலிருந்து பிறந்து, ‘ஒருவரைச் சார்ந்தது’ என்று பொருள் தருகிறது.

ஆக, ஒருவர் தம் உரிமையைக் கேட்கும்போது ஒரு மொழி “உனக்குத் தகுதி உண்டா?” என்று கேட்கிறது, இன்னொரு மொழி “அது உண்மையா?” என்று கேட்கிறது, நம் மொழி “அது யாரைச் சார்ந்தது?” என்று கேட்கிறது. மூன்றும் நல்ல கேள்விகளே. ஆயினும் தகுதி என்ற கேள்வியைப் பிறரை விலக்கி வைப்பதற்காகக் கேட்டபோது அது கொடுமையாக மாறியது. ‘உனக்கு அதிகாரமில்லை’ என்று சொல்லி மக்களுக்குக் கல்வியையும் சாத்திரத்தையும் மறுத்த போக்கைச் சுவாமி விவேகானந்தர் வன்மையாகக் கண்டித்தார்.

உரிமை உள்ளதெல்லாம் சரியா?

ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. ‘எனக்கு அதைச் செய்ய உரிமை உண்டு’ என்பதும் ‘அதைச் செய்வது சரி’ என்பதும் ஒன்றல்ல. ஜெரமி வால்ட்ரன் என்ற தத்துவ அறிஞர் 1981-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். தவறு செய்வதற்கும் ஒருவருக்கு உரிமை இருக்கலாம், அதில் முரண்பாடு இல்லை என்பது அவரது வாதம். பிறர் நம்மைத் தடுக்கக் கூடாது என்பதே அந்த உரிமையின் பொருள். நாம் செய்வது நன்று என்பது அதன் பொருள் அன்று.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதிய பெற்றோர் தங்கள் வீட்டை மகன் பெயருக்கு எழுதித் தந்தனர். பத்திரப்படி வீடு அவனுடையது. நாளடைவில் அவர்களுக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. “என் வீடு, என் உரிமை” என்கிறான் மகன். இத்தகைய நிலையைக் கருதியே 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதித் தந்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக்க அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. சட்டத்தின் பணி போற்றத்தக்கதே. ஆனால், சோறிடுவதற்கு ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டதே, அதற்கு முன் அந்த வீட்டில் வறண்டுபோனது எது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஓடும் ரயிலில் ஒரு கடிதம்

1947-இல் யுனெஸ்கோ அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஜூலியன் ஹக்ஸ்லி, மனித உரிமைகளைப் பற்றிய கருத்தைக் கேட்டு உலக அறிஞர் பலருக்கு எழுதினார். காந்திஜி ஓடும் ரயிலில் அமர்ந்து அதற்குச் சுருக்கமான பதில் எழுதினார். டெல்லியின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பை முகவரியாகக் கொண்ட அக்கடிதத்தின் தேதி மே 25. நன்கு ஆற்றிய கடமையிலிருந்தே உரிமைகள் பிறக்கின்றன என்பதை எழுத்தறியாத தம் தாயிடம் கற்றதாக அதில் அவர் குறிப்பிட்டார்.

‘கடமை’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ‘கடன்’ என்பதோடு உறவுடையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசனுக்குச் செலுத்தும் வரியைக் குறித்தது. ஆங்கிலத்திலும் கடமையைக் குறிக்கும் ‘டூட்டி’ என்ற சொல்லுக்குச் சுங்கவரி என்ற பொருள் உண்டு. அதன் வேரும் ‘கொடுக்க வேண்டியது’ என்பதே. பிறந்தபோதே நாம் கடன்பட்டவர்கள் என்று சொல்லும் நம் மரபு, தேவர்க்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் பட்ட கடன்களை எண்ணிக் காட்டுகிறது.

அரசியல் சாசனத்தில் அடிப்படைக் கடமைகள் 1976-இல்தான் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் ‘கிங்ஸ்வே’ எனவும், பின்பு ‘ராஜபாதை’ எனவும் அழைக்கப்பட்ட டெல்லியின் பெருவீதி, 2022 செப்டம்பர் முதல் ‘கர்த்தவ்ய பாதை’, அதாவது கடமைப் பாதை, என்று பெயர் பெற்றுள்ளது.

யாரிடம் எதைச் சொல்வது?

இவ்விடத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ‘முதலில் கடமை, பிறகு உரிமை’ என்பது தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அறம். பசித்தவனிடமும் ஒடுக்கப்பட்டவனிடமும் சொல்லும்போது அதுவே கொடுமையாகிவிடக் கூடும். காந்திஜி தங்கியிருந்த அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கடமையைச் செய்தவர்களே. அதனால் அவர்களுக்கு எந்த உரிமையும் தானாக வந்து சேரவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு சாசனத்தில் எழுதப்பட வேண்டியிருந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் மரணங்கள் நிகழ்ந்தன. அவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. குழிக்குள் இறங்குபவரிடம் கடமையைப் பற்றிப் பேச நமக்கு வாய் எழுமா?

அப்படியானால் எது முதலில்? 2002-இல் வந்த 86-ஆவது சாசனத் திருத்தம் இதற்கு ஓர் அழகிய விடையைத் தருகிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குக் கல்வி பெறும் உரிமையை அது வழங்கியது. அதே திருத்தம், குழந்தைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்தது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் உரிமை. பெற்றோரின் பக்கம் நின்று பார்த்தால் கடமை. ஒரே கதவின் உட்புறமும் வெளிப்புறமும் போன்றவை அவை.

எனவே நாம் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவாக இருக்கலாம்: நம்மைப் பற்றி எண்ணும்போது கடமையை முதலில் வைப்போம், பிறரைப் பற்றி எண்ணும்போது அவர்களுடைய உரிமையை முதலில் வைப்போம். பெரும்பாலான சச்சரவுகள் இதைத் தலைகீழாகச் செய்வதால் எழுகின்றன. நம் உரிமையையும் பிறருடைய கடமையையும் மட்டுமே நாம் கணக்கு வைக்கிறோம். கணவன் மனைவியிடமும், முதலாளி தொழிலாளியிடமும், குடிமகன் அரசிடமும், அரசு குடிமகனிடமும் இக்கணக்கைத்தான் நீட்டுகின்றனர்.

உரியவர்

மீண்டும் நம் சொல்லுக்கே வருவோம். உரிமை என்ற சொல்லுக்கு வேரான ‘உரி’ இரு திசைகளிலும் செல்லும். ‘இது எனக்கு உரியது’ என்று பொருளைக் காட்டிச் சொல்லலாம். ‘நான் இவருக்கு உரியவன்’ என்று தன்னையே காட்டியும் சொல்லலாம். திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் ‘உரியர்’ என்ற சொல்லை இந்த இரண்டாம் திசையில் செலுத்துகிறார். அன்பு நிறைந்தவரிடம் பொருள் மட்டுமன்றி உடம்பும் பிறரைச் சார்ந்ததாகிவிடுகிறது.

முதல் திசையைச் சட்டம் காக்கிறது, காக்கவும் வேண்டும். இரண்டாம் திசையில் எந்தச் சட்டமும் நம்மைச் செலுத்த முடியாது. நாமே மனமுவந்து அதில் நடக்க வேண்டும். தாய் தன் குழந்தைக்கு உரியவள். நல்ல மருத்துவர் நோயாளிக்கு உரியவர். தொண்டர் துன்புற்றோருக்கு உரியவர். தாம் யாருக்கு உரியவர் என்பதை அறிந்தவர், தமக்கு எது உரியது என்று கணக்கிட அதிக நேரம் செலவிடுவதில்லை.

உரிமையைப் பற்றி அடுத்த முறை பேச நேரும்போது, “இதில் எனக்கு என்ன உரிமை?” என்பதோடு நிறுத்தாமல், “இங்கே நான் யாருக்கு உரியவன்?” என்ற கேள்வியையும் நம்மிடமே கேட்டுப் பார்ப்போம். அந்த இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக விடை கண்டவரின் வாழ்க்கை, கோணலின்றி நேராகச் செல்லும்.